வீடு தேடி வந்த ஏரி

ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் அடைப்பைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். தண்ணீர் வரும் என்று யாரும் நம்பவில்லை. அதனால்தான் வறண்ட ஏரிக்குள்ளேயே நாற்காலி போட்டு, நான் எழுதிய நகைச்சுவை நாடகத்தை நடத்தினோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏரியின் மறுபாதியில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். ஏரியாக நடித்தவர் கபிரியேல். நீலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தார்.

“உள்ள வரலாமாங்க?”

“இடமில்ல” என்று கூட்டம் கத்த வேண்டும். கத்தியது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூடியது.

“குடும்பம் கொஞ்சம் பெருசுங்க. கொக்கு, நாரை, தவளை எல்லாம் கூடவே வரும்.”

முன்வரிசையில் பரிமளம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முதலில் நின்றதும் அவரிடம்தான். கழற்றிப் போட்ட செருப்பு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலிக் கால்களுக்கிடையே சத்தமில்லாமல் தண்ணீர் ஏறிவந்தது. அதில் விரல் நீளத்தில் மீன்கள்.

கபிரியேல் கவனிக்கவில்லை. “உள்ள வரலாமாங்க?” என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் எழுந்து, தன் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.