அடிப்படையில் கை வைத்தவள்

"இந்தப் பிள்ளையின்ர வேலையை நிரந்தரமாக்க நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

சொல்லிவிட்டு நமசிவாயம் நாற்காலியில் சாய்ந்தார். வெள்ளவத்தையில் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில் அவர்தான் மூத்த புரோகிராமர். ரூபி என்ற கணினி மொழி போன வருஷம்தான் அங்கே வந்து சேர்ந்தது. வந்த கையோடு அதற்குத் தர்மகர்த்தாவாகவும் அவரே அமர்ந்துவிட்டார்.

"அப்பிடி என்ன செஞ்சிட்டா?" என்றார் மனேஜர் ஸாலிஹ்.

"ஹாஷிலை கை வைச்சிட்டா!"

ஹாஷ் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சாவி போட்டு வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். அதிலிருந்து வேண்டிய சாவிகளை மட்டும் பொறுக்கித் தர அப்போது ரூபியில் வசதி இல்லை. ஆறு மாதத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த ஜெகதீஸ்வரி அதைத் தானே ஒரு கோப்பில் எழுதி, மொழியின் அடிப்படைப் பகுதியிலேயே சேர்த்துவிட்டாள்.

"மொழியைச் செய்தவனுக்குத் தெரியாததோ இவவுக்குத் தெரியும்? அடிப்படை எண்டால் அடிப்படைதான். ஆளுக்கு ஒண்டு சேர்த்தால் என்ன நடக்கும்?"

"நீங்க அந்தக் கோப்பை வாசிச்சுப் பார்த்தீங்களா?"

"கோப்பின்ர பேரைப் பார்த்தாலே காணும், வாசிக்கத் தேவையில்லை."

ஜெகதீஸ்வரி கதவோரம் நின்றாள். வெள்ளிக்கிழமைக்குள் வேலைக் கடிதம் காட்டாவிட்டால் அவளுக்குக் கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு கிடையாது. பதிவு இல்லாதவளுக்கு லொட்ஜில் அறையும் கிடையாது. போரால் பாதை பூட்டிக் கிடக்க, ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. இதெல்லாம் நமசிவாயத்துக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

"அதை எடுத்து விடுறன் சேர்," என்றாள் அவள். "ரெண்டு நாள் மட்டும் தாங்கோ."

"ஒரு கோப்பை அழிக்க ரெண்டு நாளோ? எடுக்க மனமில்லை. அதுதான் விஷயம்."

"இல்லை சேர், ரெண்டே ரெண்டு நாள்..."

"பாத்தீங்களோ, எவ்வளவு பிடிவாதம்!"

நமசிவாயம் எழுந்தார். ஸாலிஹின் கணினியிலேயே அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து அழித்தார்.

"இப்ப புரோகிராமை ஓட்டிப் பாருங்கோ. ஒரு குறையும் வராது."

ஸாலிஹ் ஓட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. நாற்பத்தொரு பிழைகள்.

"பாத்தீங்களே, எத்தனை இடத்திலை கொண்டுபோய்ச் செருகி வைச்சிருக்கிறா!"

ஸாலிஹ் பிழை காட்டிய முதல் கோப்பைத் திறந்தார். உச்சியில் எழுதியவர் பெயர்: நமசிவாயம். அடுத்ததைத் திறந்தார். நமசிவாயம். அதற்கடுத்ததும் அவரே. எழுதியவர் பெயர் கோப்பின் தலையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான்.

ஜெகதீஸ்வரியின் கோப்புகளிலிருந்து தன்னுடையவற்றில் வெட்டி ஒட்டும்போது, அந்த வசதி ரூபியோடு கூடப் பிறந்தது என்றே அவர் நினைத்திருந்தார். போன மாதம் புதிதாக வந்தவர்களை இருத்தி, 'இதுதான் ரூபியின்ர அழகு' என்று ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்ததும் அதைப் பற்றித்தான்.

ஸாலிஹ் வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தை நமசிவாயத்தின் முன்னால் தள்ளி, பேனையையும் வைத்தார். நமசிவாயம் கையெழுத்து வைத்தார்.

"இந்தப் பிழைகளில உங்கட கோப்பு ஒண்டும் இல்லையே?" என்றார் ஸாலிஹ் அவளிடம்.

"சேர் நேற்று ஏசின உடனயே என்ரையை மாத்திப்போட்டன்."

"அப்ப ரெண்டு நாள் என்னத்துக்குக் கேட்டீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சேரின்ரையை ஆருக்கும் தெரியாமல் மாத்தி வைக்கத்தான்."