பூண்டு வாடை

மாவு மில்லின் கிடங்குக் கதவு பாதி திறந்திருக்கிறது. கோதுமை மூட்டைகளுக்கு வண்டு மருந்து வைத்து மூடி இன்று நான்காம் நாள். உள்ளே விஷவாயு மிச்சமிருந்தால் பூண்டு வாடை அடிக்கும். அதை அளக்கும் கருவி பழுதாகி மாதங்களாகின்றன. மேஸ்திரி என் அம்மாவைக் கூப்பிடுகிறார். "அக்கா, மோந்து பாத்துட்டு வா. மெஷினைவிட உன் மூக்குதான் நம்பிக்கை." "என்ன சமையல்னு தெருமுனையிலயே சொல்லிடுற மூக்காச்சே!" என்று ஒருத்தி கேலி செய்கிறாள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். காலையில் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியபோது அடுப்பருகே நின்றிருந்தவள் இவள்தான். "வெளிய சொல்லிடாத. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா வேலையும் போயிடும்" என்று அப்போது என்னிடம் சொன்னாள்.

கதவிடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. அம்மா அதில் நின்று, முகத்துணியை இறக்கி, மூன்று முறை ஆழமாக மூச்சிழுக்கிறாள். அவள் காலடியில் செத்த வண்டுகள் நொறுங்குகின்றன. "ஒண்ணுமில்ல தம்பி, சுத்தமா இருக்கு." இரும்புக் கதவு கிறீச்சிட்டு முழுதாகத் திறக்கிறது. பூண்டு வாடை என் முகத்தில் வந்து மோதுகிறது. உள்ளே போக வரிசையில் நிற்கும் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு முன்னால் நிற்கும் இருமல்காரி திரும்புகிறாள். "நீ நேத்து வந்தவ. உனக்கு எதாவது அடிக்குதாடி? எனக்கெல்லாம் மூக்கு செத்து வருஷமாச்சு." வெயிலில் நின்றபடி அம்மா என்னையே பார்க்கிறாள். முகத்துணி இன்னும் அவள் கழுத்தில்தான் கிடக்கிறது. "இல்ல அத்தை" என்கிறேன். இருமல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.