அடைகாத்தவன்

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன வேதமணி எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தான். "என்னால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று மனைவி ஞானசெல்வத்திடம் தினமும் கேட்பான். அடை வைத்த பதினெட்டாம் நாள் கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. ஏழு முட்டைகளும் ஆறத் தொடங்கியிருந்தன. பல்பு சூட்டில் வைக்கலாமென்றால், மழைக்குக் கரண்ட் போயிருந்தது. ஞானசெல்வம் முட்டைகளைத் துணியில் பொதிந்து அவன் கக்கத்திலும் வயிற்றின் மேலும் வைத்துப் போர்த்தினாள். "அசையாம கெடங்க." முறைத்தான், ஆனால் அசையவில்லை. மகள் ஜெபா முட்டைகளைத் திருப்பி வைக்க வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றான். மறுநாள் கரண்ட் வந்ததும் ஞானசெல்வம் பல்பை மாட்டினாள். "இங்கயே இருக்கட்டும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கூப்பிட்ட சத்தத்தில் ஞானசெல்வம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ஈரம் காயாத குஞ்சு ஒன்று அவன் நெஞ்சில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கூவியபடி எடுக்கக் கை நீட்டினாள். "சத்தம் போடாத பிள்ள" என்றான் தாழ்ந்த குரலில். "இன்னும் ஆறு பேரு வரணும்."