எதிர்க்கடைக் கொக்கு

உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த லோகோவும் ஒரு சட்டையைக்கூடத் துவைத்ததில்லை. சலவைக்கடைக்காரர் இதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, எதிர்க்கடையைப் பார்த்தே அறிவித்தார். எதிர்க்கடை அவருடைய சகலையுடையது. அதன் பலகையில், மடித்த சட்டை ஒன்று கொக்காகி நின்றது. அதன் கீழே ஊரே அழுக்கு மூட்டையோடு நின்றது.

"அதே சோப்பு, அதே மெஷின். கொக்கு வெள்ளையா இருந்தா துணி வெளுத்துடுமா?"

"வயிறு எரியுதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி, உள்ளறைக் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கா? படம் போட்டுக் குடுங்கன்னு ஒருத்தர் வாசல்ல போய் நிக்க, நான் என்ன அவனா?"

மாலையில், அவருடைய பழைய வாடிக்கையாளரான டாக்டரே வெள்ளைக் கோட்டோடு எதிர்ப்பக்கம் போனார். அதற்குமேல் சலவைக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. சாலையைக் கடந்தார்.

"சகலை, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இந்தக் கொக்கை யார் போட்டுக் குடுத்தது?"

"என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்கறீங்க? நம்ம அண்ணிதான்! முதல்ல உங்க கடைக்குத்தான் வரைஞ்சாங்களாம். காட்ட வந்தப்ப, பார்க்காமலே சிரிச்சீங்களாமே?"

சகலைக்கு ஒரு சிரிப்பைக் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பினார். தானே டீ போட்டு, ஆற்றி, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார்.

"நம்ம கடைக்கும்…"

"உங்க சகலைக்கு விசிட்டிங் கார்டு பண்ணிட்டிருக்கேன். முடியட்டும்."

"நிதானமா முடிம்மா," என்று உள்ளறை வாசலிலேயே நின்றார்.