சொல்லாத ஆமென்

ஒன்பது நாளாகக் குடும்ப ஜெபத்தில் மெர்சி ஆமென் சொல்லவில்லை.

“எதிர்வீட்டு உண்ணாமலையம்மாவைச் செங்கம் ரோட்டில் பைக்கால் இடித்துச் சாகடித்துவிட்டு, நிற்காமல் போனவனை நீரே நியாயந்தீரும் ஆண்டவரே. அவனைத் தப்பவிடாதேயும்” என்று சாமுவேல் இன்றும் முடித்தார்.

“ஆமென்” என்றான் மகன் ஜெபின்.

சாமுவேல் மனைவியின் பக்கம் திரும்பினார். “ஏன் மெர்சி, ஆமென் சொல்ல வாய் வலிக்குதா?”

“அவனை மன்னியும்னு ஒரு வாட்டி கேளுங்க. சத்தமா சொல்றேன்.”

“கொலைகாரனுக்கு வக்காலத்தா? உன் புள்ளையப் பாரு. தினமும் அழுதுகிட்டே ஆமென் சொல்றான். அவனுக்கு இருக்கிற இரக்கம்கூட உனக்கு இல்லியே!”

மெர்சி மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் தனக்கே தண்டனை கேக்குறான். அன்னைக்கு அந்த பைக்கை ஓட்டினது நம்ம ஜெபின்தாங்க.”