காணாமற்போன மூன்று கிலோ

நாரின் நகரின் சிறிய மருத்துவமனை ஒன்றில், நூர்ஜாத் தன் நோட்டுப் புத்தகத்தை மருத்துவரின் முன் விரித்தாள். ஒருபுறம் அவளுடைய தாய் புருலாய். மறுபுறம் தலைகவிழ்ந்த கணவன் குபாத்.

“எடை குறையணும்னு இவருக்குத் தினம் ஐந்நூறு கலோரி குறைச்சுத்தான் போடறேன் டாக்டர். எழுபத்தேழு நாளாச்சு. ஏழாயிரத்து எழுநூறு குறைஞ்சா ஒரு கிலோன்னு விதி. அஞ்சு கிலோ போயிருக்கணும், ரெண்டுதான் போயிருக்கு. மிச்ச மூணு கிலோவுக்கு எவளோ ஆக்கிப் போடறா! அவ யாருன்னு தெரியாம நான் இவரோட வீட்டுக்குப் போகமாட்டேன்.”



“அந்த விதியே தோராயம்தாம்மா,” என்றார் மருத்துவர். “சாப்பாடு குறைஞ்சா உடம்பும் சிக்கனமாயிடும். கணக்குப்படி எடை இறங்காது. இவர் வெளியில ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்.”

நூர்ஜாத் நெகிழ்ந்து கணவனின் கையைப் பற்றினாள். குபாத்துக்கு உயிர் திரும்பி வந்தது.

புருலாய் கொதித்தெழுந்தாள்.

“ஒரு வாய்கூடவா? சொல்லாதீங்கன்னு மாப்பிள்ளை கெஞ்சினாரேன்னு பேசாம இருந்தேன். வாசலுக்கு வந்தவரைப் பசியோட அனுப்பற வீடா என் வீடு? தினம் ஒரு தட்டு குதிரைக்கறி போட்டிருக்கேன்! அந்த மூணு கிலோ என்னோடது டாக்டர்!”