காலிப் பெட்டி

ஒஹாயோ குளிரிலும் என் மனைவி லோர்னா சுடும் ரொட்டி பஞ்சு மாதிரி வருகிறது. அவள் போக்குதான் சரியில்லை.

பாம்பு என்றாலே அலறுகிறவள், ஒரு வாரமாக என் பாம்பு ஷெட்டுக்குள் போய்ப் போய் வருகிறாள். பாம்புப் பெட்டிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் சூடேற்றும் ரேக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டால், என் மலைப்பாம்புகள் ஒன்றுகூடப் பிழைக்காது.

காலையில் சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "ஷெட்டுல உனக்கென்ன வேலை?"

"போலீஸ்காரன் மாதிரி கேக்காத, டுவெய்ன். ரேக்குல சூட்டைக் குறைச்சிடலையே?"

"உனக்கெதுக்கு அந்தச் சூடு?"

"அடித்தட்டுப் பெட்டி காலியாத்தானே கிடக்கு?"

பதறி எழுந்தேன். "அதுல என்ன வச்ச?"

"ரொட்டி மாவு! கிச்சன் குளிர்ல பொங்கவே மாட்டேங்குது. அங்க வச்சா புசுபுசுன்னு பொங்குது. நீ புகழ்ந்து புகழ்ந்து திங்கறியே, அதான்!"

அப்பாடா என்று உட்கார்ந்து, இன்னொரு துண்டைக் கடித்தேன்.

"நல்லவேளை, புத்தம்புது ரேக்குன்னு சொன்ன. இல்லன்னா பாம்பு படுத்த பெட்டியில மாவு வைப்பேனா?"

மீதித் துண்டை மெல்லத் தட்டில் வைத்தேன்.

நான் அந்த ரேக்கைப் பழசாக வாங்கும்வரை, அடித்தட்டுப் பெட்டியில் ஒரு கிழட்டு மலைப்பாம்பு குடியிருந்தது.